இரண்டு ராஜினாமாக் கடிதங்கள்



நம் ஆசிரியரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் பொழிவில் வழக்கமாக ஒரு நூலைப் பற்றியோ ஒரு எழுத்தாளரைப் பற்றியோ பேசுவோம். இந்த முறை குடியரசையும் சர்வாதிகாரத்தையும் எடுத்துக்கொண்டோம். இலக்கிய மன்றத்தில் எதற்கு அரசியல் பாடம் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். காரணம் நம் வாசகர் வட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி. அன்று வேங்கைவயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சேரி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, 2022 டிசம்பரில், அதைப் பற்றி. கடைசி வரிசையிலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்தார். “இந்தச் சட்டம், கோர்ட்டு, எலெக்‌ஷன் எல்லாம் எழுபது வருஷமாப் பார்த்தாச்சுண்ணே. ஒரு பத்து வருஷம் ஒரு நல்ல சர்வாதிகாரி வந்தா சாதி ஒழிஞ்சிடும். அம்பேத்கரே இந்தச் சட்டத்தைக் கொளுத்துவேன்னு சொல்லலையா?” என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். நாம் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டோம். உண்மையில் நேரம் ஆகவில்லை. பதில்தான் கைவசம் இல்லை. இன்று அந்தத் தம்பியும் வந்திருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறோம்.

அவர் சொன்னது தவறு என்று தள்ளிவிட முடியாது. 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் அண்ணல் அப்படிச் சொன்னது உண்மை. 1955இல் அதே அவையில் அதற்கு விளக்கமும் கொடுத்தார். கடவுளுக்காகக் கட்டிய கோயிலில் கடவுள் குடியேறும் முன்பே பிசாசு புகுந்துகொண்டால் அந்தக் கோயிலை என்ன செய்வது என்பதாக அவர் பதில் இருந்தது. அந்தக் கோபம் நமக்குப் புரியும். ஆனால் அந்த இரண்டு பேச்சையும் அவர் எங்கே நின்று பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தாம் எழுதிய சட்டத்தின் கீழ் அமைந்த அவையில், ஆளுங்கட்சிக்கு எதிரே நின்று பேசினார். பேசிவிட்டு வீட்டுக்குப் போனார். யாரும் கைது செய்ய வரவில்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சின்ன விஷயமா என்பதைப் பார்க்க, பக்கத்து நாட்டுக்குப் போய் வர வேண்டும்.

ஜோகேந்திரநாத் மண்டலை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வங்காளத்தின் நாமசூத்திரர். 1946இல் பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக முடியாமல் பாபாசாகேப் தவித்தபோது, வங்காளச் சட்டமன்றத்தின் வழியாக அவரை உள்ளே அனுப்பியதில் மண்டலுக்கும் அவருடைய தோழர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் கதையே வேறாக இருந்திருக்கும். பிரிவினை வந்தபோது மண்டல் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார். கிழக்கு வங்காளத்தில் ஏழை முஸ்லிமும் ஏழை நாமசூத்திரனும் ஒரே வயலில் நிற்கிறார்கள், நிலம் மட்டும் உயர்சாதி ஜமீன்தாரிடம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. பைத்தியக்காரத்தனமான கணக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1947 ஆகஸ்ட் 10ஆம் தேதி கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியபோது, தற்காலிகத் தலைவராக இருந்து அதை நடத்தியவர் மண்டல். மறுநாள் அதே அவையில் ஜின்னா பேசினார். மதமோ சாதியோ அரசின் காரியத்துக்குச் சம்பந்தமில்லை என்ற பொருளில் அமைந்த பேச்சு அது. மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். தொழிலாளர் துறையும் அவரிடம்தான்.

ஒரு நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு நாடுகள். இரண்டுக்கும் முதல் சட்ட அமைச்சர் தலித். நம் பாடப்புத்தகம் எதிலும் இதை இப்படிச் சேர்த்துச் சொல்லி நாம் படித்ததில்லை.

இருவருமே ராஜினாமா செய்தார்கள். மண்டலின் கடிதம் 1950 அக்டோபர் 8ஆம் தேதியிட்டது. பிரதமர் லியாகத் அலி கானுக்கு எழுதிய நீண்ட கடிதம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு வங்காளத்தில் நடந்த கலவரங்கள், நாமசூத்திரர் கிராமங்களில் போலீசும் ராணுவமும் நடந்துகொண்ட விதம், தாம் சொன்ன எதுவும் எடுபடாமல் போனது, எல்லாவற்றையும் இடம், சம்பவம் என்று அடுக்கி எழுதினார். ஆனால் அந்தக் கடிதத்தை அவர் கராச்சியில் வைத்துக் கொடுக்கவில்லை. கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பிறகே ராஜினாமா செய்தார். ஒரு நாட்டின் சட்ட அமைச்சர் தம் பதவியை விட்டு விலக எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. திரும்பிப் போக முடியவில்லை. 1968இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். இங்கேயும் அவரை யாரும் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணலின் கடிதம் அடுத்த ஆண்டு, 1951 செப்டம்பரில். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை இழுத்தடித்தது முதன்மையான காரணம். பட்டியல் சாதியினரை அரசு கைவிட்டதும் ஒரு காரணம். அக்டோபரில் தம் விளக்கத்தை நாடாளுமன்றத்தில் படிக்க நின்றார். முன்கூட்டியே பிரதி கொடுக்க வேண்டும் என்று அவைத் தலைமை நிபந்தனை போட்டது. அண்ணல் வெளிநடப்புச் செய்து, அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். அவமானம்தான். அடுத்து நடந்த பொதுத்தேர்தலில் வட பம்பாயில் நின்று தோற்றார். 1954 இடைத்தேர்தலில் பண்டாராவிலும் தோற்றார். ஆனால் மாநிலங்களவைக்குப் போனார். அங்கிருந்து அரசைக் கிழித்தார். கடைசியில் பல லட்சம் மக்களோடு நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். தோற்கடித்தார்கள், ஒதுக்கினார்கள். துரத்த மட்டும் முடியவில்லை.

ஆட்சி முறைகளை ஒப்பிட நம்மிடம் ஒரு அளவுகோல் கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஆட்சியோடு முரண்பட்டவன் மறுநாள் காலையில் எங்கே இருக்கிறான்?

1950இல் பாகிஸ்தானில் சர்வாதிகாரம் இல்லையே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அரசமைப்புச் சட்டமும் இல்லை. நாம் 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொண்டதுபோல் ஒன்றை அவர்கள் 1956 மார்ச் 23 வரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஒன்பது ஆண்டுகள் யார் யாரிடம் என்ன கேட்கலாம் என்று எழுதப்படாத நாடாக இருந்தது. வந்த சட்டமும் 1958 அக்டோபர் 7ஆம் தேதி ரத்தானது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பொதுத்தேர்தல்கூட நடக்கவில்லை. ரத்து செய்தவர் குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சா. அதே மாதம் 27ஆம் தேதி அவரையே வீட்டுக்கு அனுப்பினார் தளபதி அயூப் கான். வெற்றி பெற்ற புரட்சியே சட்டம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தம்பி கேட்ட ‘நல்ல சர்வாதிகாரி’ என்ற இடத்துக்கு உலகம் அன்று பரிந்துரைத்த பெயர்களில் அயூப் கானும் ஒருவர். ஊழலை ஒழிப்பார், நிலச்சீர்திருத்தம் செய்வார், முன்னேற்றுவார் என்றார்கள். 1959இல் அவர் நிலச்சீர்திருத்தம் செய்யவும் செய்தார். பாசன நிலத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ஒரு ஆளுக்கு 500 ஏக்கர். பாசனமில்லாத நிலம் என்றால் 1,000 ஏக்கர். குடும்பத்துக்கு இல்லை, தலைக்கு. அண்ணன், தம்பி, மகன், பேரன் என்று பிரித்து எழுதிக்கொண்டால் ஒரு தாலுகாவையே வைத்துக்கொள்ளலாம். சிந்து மாகாணத்தில் கோலி, பீல், மேக்வார் சாதிகளைச் சேர்ந்த நம் மக்கள் அந்த நிலங்களில் ஹாரிகளாக, அதாவது வாரக் குடிகளாக, கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். அவர்கள் கையில் என்ன வந்தது? தமிழ்நாட்டில் 1961 சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. பினாமி எழுதினார்கள், அறக்கட்டளை ஆக்கினார்கள், பஞ்சமி நிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நாம் ஏமாற்றப்பட்டோம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 500க்கும் 15க்கும் நடுவே இருக்கும் தூரம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். இங்கே நிலம் இல்லாதவனிடமும் ஒரு ஓட்டு இருந்தது. 1951-52 தேர்தலிலேயே 17 கோடிப் பேருக்கு மேல் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். பண்ணையாரின் ஓட்டும் பண்ணையாளின் ஓட்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. ஓட்டுக் கேட்டு வருகிறவன் பொய் சொல்லவாவது சேரிக்குள் வந்தாக வேண்டும்.

அயூப் கானுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் ‘அடிப்படை ஜனநாயகம்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடு முழுவதும் 80,000 பேரை உள்ளாட்சிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த 80,000 பேர்தான் குடியரசுத் தலைவருக்கு ஓட்டுப் போடுவார்கள். 1960இல் அவர்களிடம் என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டார். 95 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்றார்கள். கோடிக்கணக்கான மக்களைச் சமாளிப்பதற்குப் பதில் 80,000 பேரைச் சமாளித்தால் போதும். ஒரு கிராமத்தில் அப்படி ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யார் வருவார் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? சர்வாதிகாரி தனியாக ஆள்வதில்லை. ஒவ்வொரு ஊரிலும் அவருக்கு ஒரு பெரியதனக்காரர் வேண்டும். அந்தப் பெரியதனக்காரர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், சாதியின் பெயரால். ஒருவர் இன்னொருவரைக் கண்டுகொள்ள அதிக நாள் ஆகாது. நம் தம்பியின் நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறோம்.

பாகிஸ்தான் மக்கள் அனைவரும் நேரடியாக ஓட்டுப் போட்ட முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1970 டிசம்பரில் நடந்தது. அதற்குள் நாம் நான்கு பொதுத்தேர்தல்களை முடித்திருந்தோம். அந்த முடிவையும் ராணுவம் ஏற்கவில்லை. 1971 மார்ச்சில் கிழக்கு வங்காளத்தில் துப்பாக்கி பேசியது. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். நாமசூத்திரர்கள் முன்னும் வந்தார்கள், அப்போதும் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர், தண்டகாரண்ய முகாம்களில் வாழ முடியாமல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினார்கள். 1979இல் அவர்களை முற்றுகையிட்டு, சுட்டு விரட்டியது தேர்தலில் வென்ற ஒரு மாநில அரசு. இடதுசாரி அரசு. இதையும் இங்கே சொல்லாமல் போனால் நம் ஒப்பீடு நேர்மையானதாக இருக்காது.

1977இல் பாகிஸ்தானில் ஜியா உல் ஹக் வந்தார். 1985 தேர்தலை முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வைத்து நடத்தினார். உடனே ஒரு குரல் எழும்: நாம் கேட்டதும் அதைத்தானே, பூனா ஒப்பந்தத்தில் பறிபோனதும் அதுதானே? இல்லை. 1932இல் நமக்குக் கிடைத்தது இரட்டை வாக்குரிமை. நம் பிரதிநிதிக்கு ஒன்று, பொதுத் தொகுதி வேட்பாளருக்கு ஒன்று. ஊர்க்காரனும் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தாக வேண்டும் என்பதுதான் அதன் உயிர். ஜியா கொடுத்ததில் அந்த இரண்டாவது ஓட்டு இல்லை. இந்துக்களையும் பட்டியல் சாதியினரையும் ஒரே பட்டியில் அடைத்து, நாடு முழுவதையும் ஒரே தொகுதி ஆக்கினார். உமர்கோட்டில் இருக்கும் ஒரு கோலிப் பெண்ணுக்கு அவள் ஊர் எம்.பி.யிடம் போய் நிற்க எந்தக் காரணமும் இல்லாமல் போனது. நாம் கேட்டு வாங்கியது ஒன்று, மேலேயிருந்து பூட்டிய பூட்டு இன்னொன்று. 2002இல் அந்த ஏற்பாட்டை நீக்கியவர் முஷாரஃப், அவரும் ஒரு ஜெனரல்தான். ஒரு ஜெனரலின் விருப்பத்தில் போட்டது, இன்னொரு ஜெனரலின் விருப்பத்தில் எடுத்தது. இரண்டு முறையும் கோலிகளிடம் யார் கேட்டார்கள்?

சரி, பக்கத்து வீட்டுக் கதை போதும். நம் வீட்டிலும் 21 மாதங்கள் அது நடந்தது. 1975 ஜூன் 25 இரவு முதல் 1977 மார்ச் 21 வரை.

நெருக்கடிநிலையைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தயக்கம் உண்டு. அதை நேராகப் பேசிவிடுவோம். கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்தது 1975 அக்டோபரில். அது முழுச் சட்டமானது 1976இல். தீண்டாமைக் குற்றச் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று கடுமையாக்கியதும் 1976இல்தான். நம் பெரியவர்கள் சிலர், அந்தம்மா இருந்தபோது ரயில் நேரத்துக்கு வந்தது, பண்ணையார் பயந்தார் என்று சொல்வதை நாமே கேட்டிருக்கிறோம். சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் 1976-77ஆம் ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள். அதிகாரிகளுக்கு இலக்கு வைத்து ஆள் பிடித்தார்கள். இலக்கு வைத்து ஆள் பிடிக்கும்போது முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? எதிர்த்துக் கேட்க முடியாதவன் வீட்டைத்தான். பத்திரிகைக்குத் தணிக்கை. சென்னைச் சிறையில் மிசா கைதிகளுக்கு அடி. சிட்டிபாபு அதில்தான் இறந்தார்.

1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நெருக்கடிநிலையில் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வழக்கறிஞரிடம் ஒன்றைக் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட வழி இல்லையா? நெருக்கடிநிலை இருக்கும்வரை இல்லை என்பதே பதில். மற்றவர்களுக்கு அது ஒரு சட்டக் கற்பனை. சேரியில் பிறந்தவர்களுக்கு அது கற்பனை அல்ல. கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். அடுத்த மார்ச்சில் மக்கள் ஆட்சியையே மாற்றினார்கள்.

அந்த நான்கு பேரில் ஒருவர் பி.என். பகவதி. பின்னாளில் அந்தத் தீர்ப்புக்காக வருந்தியவர். அவரே 1983இல், பரீதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகளைப் பற்றி வந்த ஒரு கடிதத்தை மனுவாக ஏற்று, 1976 சட்டத்தை அரசுகள் நடைமுறைப்படுத்தியாக வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். சட்டம் நெருக்கடிநிலையில் பிறந்தது. அதற்குக் கைகால் முளைத்தது, யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போடலாம் என்ற நிலை திரும்பிய பிறகுதான். எல்லைக்கு அந்தப் பக்கமும் ஏறக்குறைய இதே கதை. 1988இல், ஜியாவின் கடைசி நாட்களில், செங்கல் சூளைக் கொத்தடிமைகள் சிலர் தலைமை நீதிபதிக்கு ஒரு தந்தி அனுப்பினார்கள். பஞ்சாபின் பழைய தீண்டப்படாத சாதியிலிருந்து கிறித்துவத்துக்குப் போன மக்கள் ஏராளமாக உழலும் தொழில் அது. அந்தத் தந்தி வழக்காகி, தேர்தல் ஆட்சி திரும்பிய பின் தீர்ப்பு வந்தது. 1992இல் அங்கேயும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

அண்ணல் சர்வாதிகாரத்தை எடுத்த எடுப்பில் மறுத்தவர் அல்ல. புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரையில், குறுகிய காலத்துக்கு அதற்குச் சில பயன்கள் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் அது எப்போது தன்னை முடித்துக்கொள்ளும், முடிந்த பின் அதன் இடத்தில் எது நிற்கும் என்று கேட்கிறார். 1952 டிசம்பரில் பூனாவில் வழக்கறிஞர்கள் நடுவே பேசியபோது, ரத்தம் சிந்தாமல் மக்களின் பொருளாதார, சமூக வாழ்வில் புரட்சிகரமான மாற்றம் கொண்டுவரும் முறைக்குப் பெயரே ஜனநாயகம் என்ற பொருளில் வரையறுத்தார். அந்த மாற்றம் நடக்காவிட்டால், பெயர்ப் பலகை மட்டும்தான் ஜனநாயகம்.

பெயர்ப் பலகை மட்டும் இருந்த ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டி வேட்புமனுவைத் திரும்பப் பெற வைத்தார்கள். மறுபடி தேர்தல் வைத்தால் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காவல் போட்டு நடத்திய தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியவரை, உடன் வந்த தோழர்களோடு வெட்டிக் கொன்றார்கள். நாட்டின் சுதந்திரப் பொன்விழாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கு ஊராட்சிகளிலும் பத்து ஆண்டுகள் தேர்தலையே நடக்கவிடவில்லை. நடந்தால், பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் வாங்கினார்கள். ஆம், அங்கேயும் ராஜினாமாக் கடிதம்தான். எழுதிக் கொடுத்தது ஊர், கையெழுத்து மட்டும் நம்முடையது.

டெல்லியில் குடியரசு இருந்தபோது இந்த ஊர்களில் இருந்தது சர்வாதிகாரம். அதற்கு ராணுவம் தேவைப்படவில்லை. தண்ணீரை நிறுத்தினால் போதும், வேலை தராவிட்டால் போதும், வயல் வரப்பில் நடக்கவிடாவிட்டால் போதும். தம்பி கேட்கும் சர்வாதிகாரம் புதிதாக வர வேண்டியதில்லை. அதை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. இயக்கங்கள் விடாமல் போராடின, எழுத்தாளர்கள் எழுதினார்கள், மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இம்முறை பதவியில் இருந்தார்கள். அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அந்தப் படம் வெளியே வந்ததும் வழக்குப் பதிந்தார்கள்.

நம் ஆசிரியரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். தேர்தல் நாளன்று காலையில் அவர் முதல் ஆளாக வரிசையில் நிற்பார். யாருக்குப் போடுவது என்று நாம் கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார். எந்தக் கட்சியின் மீதும் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு நேரே தபால் நிலையத்துக்குப் போவார். ஆட்சியருக்கு ஒரு மனு அனுப்பிப் பதிவுத்தபால் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, கல்வி உதவித்தொகை, ஏதாவது ஒன்று இருக்கும். அவர் போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அந்த ரசீதுகள்தான் கட்டுக்கட்டாக இருந்தன. சுடுகாட்டுப் பாதை வந்துவிட்டது. தெருவிளக்கு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த மனுவை எழுத அந்தத் தம்பியை அழைக்கிறோம்.